கோடிக்கரைக்குக் கிளம்பும் முன்

பொங்கல் விடுமுறையில் கோடிக்கரைக்குப் பறவை பார்க்கப் போகலாம் என்று நினைத்திருக்கிறீர்களா? பூநாரைகளைப் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு. கரண்டி போன்ற அலகுள்ள குட்டி உள்ளான் ஒன்றும் முன்பு அங்கே வந்ததாகப் பதிவு இருக்கிறது. இன்று உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம். அதைப் பார்த்துவிட்டால் நம் வளாகத்துக்கே பெருமை! அந்தக் கடற்கரையின் அருமையை 1962-லேயே கண்டு சொன்ன சலீம் அலியைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டுக் கிளம்புங்களேன்.

பம்பாயில் 1896-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட, அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. மாமாவுக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய்க் கேட்கச் சொல்லி அனுப்பினார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு என்ற ஆங்கிலேயர் பையனைத் திட்டவில்லை. பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். (நம் வீட்டுப் பிள்ளைகள் கேள்வி கேட்கும்போது நமக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா?)

பெரிய பறவை நிபுணர், வாழ்க்கை சுகமாகப் போயிருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டம் இல்லாததால் அரசு விலங்கியல் துறையில் வேலை கிடைக்கவில்லை. அருங்காட்சியகத்தில் கிடைத்த வேலையில் இருந்துகொண்டே பெர்லினுக்குப் படிக்கப் போனார். 1930-ல் திரும்பி வந்தால், பணமில்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள்! வயது முப்பத்து மூன்று தாண்டிவிட்டது, கையில் சம்பளம் இல்லை. மனைவி தெஹ்மினாவுக்கு பம்பாய்க்கு எதிர்க்கரையில், கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் ஒரு வீடு இருந்தது. இருவரும் அங்கே போய்விட்டார்கள்.

வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. நாம் எல்லோரும் பார்த்த குருவிதானே என்று விட்டுவிடாமல், மாதக்கணக்கில் அவற்றைக் கவனித்தார். ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுக் காத்திருக்கிறது. பெண் குருவி வந்து உள்ளே நுழைந்து பார்த்து, பிடித்தால்தான் குடியேறுகிறது. அதன் பிறகே ஆண் கூட்டை முடிக்கிறது. முடித்த கையோடு அடுத்த கூட்டை ஆரம்பித்து வேறொரு பெண்ணை அழைக்கிறது! அதுவரை யாரும் சரியாக எழுதாத விஷயம் இது. அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்த வேலையில்லாக் காலத்துக் கட்டுரைதான்.

பிறகு சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைக் கணக்கெடுப்பு. காடு மேடெல்லாம் தெஹ்மினாவும் கூடவே போனார். 1939-ல் ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் இறந்துவிட்டார். இந்தியப் பறவைகள் பற்றிய சலீம் அலியின் புகழ்பெற்ற புத்தகம் 1941-ல் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

கோடிக்கரை 1967-ல் சரணாலயம் ஆனது. சலீம் அலி 1987-ல் காலமானார். பறவைகளின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டி வலசைப் பாதையை அறியும் பணியைக் கழகத்தில் முன்னின்று நடத்தியவர் அவர்; கோடிக்கரையிலும் அது பல ஆண்டுகள் நடந்தது. அதனால் தொலைநோக்கியில் ஏதாவது பறவையின் காலில் வளையமோ வண்ணப் பட்டையோ தெரிந்தால், நிறத்தையும் எண்ணையும் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.