ஸர் ஜகதீச சந்திர போஸ்

நம் புதுவை நகருக்கு வேண்டும் மின்சாரத்திற் பெரும்பகுதி வெளியூர்களிலிருந்தே வருகின்றது. மின்சாரத்தை நெடுந்தூரம் செலுத்துங்கால் அதனை அடக்கியாள்வன குறைகடத்தி விசைகளாம். சத்தீஸ்கரிலுள்ள ராய்கட்டிலிருந்து தமிழகத்துப் புகளூர் வரை 8 லட்சம் வோல்ட்டு அழுத்தத்தில் நேர்மின்னோட்டம் பாய்கின்றது. அதன் இரு முனைகளிலும் தைரிஸ்டர் என்னும் விசைகள் நொடிக்கு 50 முறை வழிவிட்டும் அடைத்தும் அதனை ஆளுகின்றன. இத்தகைய கருவிகளின் முன்னோடியாய் விளங்கிய பாரத அறிஞர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஜகதீசர் 1858-ம் ஆண்டு நவம்பர் 30-ம் நாள் வங்கநாட்டிற் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திரர் அரசாங்க உத்தியோகஸ்தர். எனினும் மைந்தரை முதலில் தாய்மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். அங்கே மீனவர் மகனோடும் ஏவலாளர் மகனோடும் அமர்ந்து ஜகதீசர் பயின்றார். பின்னர்க் கல்கத்தா அர்ச். சவேரியார் கல்லூரியில், இயேசு சபைத் துறவியாகிய லாபோன் அடிகளார் அவர் உள்ளத்திற் பௌதிக நூலார்வத்தை மூட்டினார்.

1880-ல் மருத்துவம் பயில லண்டன் சென்ற அவர், நோயினால் அதனை விடுத்துக் கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் கற்றார். 1885-ல் கல்கத்தா மாகாணக் கல்லூரியில் ஆசிரியரானார். ஆங்கிலேய ஆசிரியரினும் குறைந்த ஊதியமே அவருக்கு வகுக்கப்பட்டது. தந்தையார் கடன்பட்டிருந்த காலம் அது. ஆயினும், சம வேலைக்குச் சம ஊதியம் வேண்டுமெனத் துணிந்து, மூன்றாண்டு ஒரு காசும் பெறாமலே கற்பித்தார். முடிவில் அரசாங்கம் இணங்கி, முன்னாட்களுக்கும் சேர்த்து முழு ஊதியம் அளித்தது.

1895-ல் கல்கத்தா நகர மண்டபத்தில், கம்பியின்றி அலைகளைச் சுவரூடே செலுத்தி மணியை ஒலிப்பித்தார்; வெடிமருந்தையும் கொளுத்தினார். அலைகளை உணர்தற்குக் கலீனா என்னும் ஈயக் கனிப்பொருளின் படிகத்தை உலோக முனையால் தொட்டமைத்த கருவியொன்றைச் செய்தார். நண்பர் வற்புறுத்தலால் 1901-ல் விண்ணப்பித்து 1904-ல் அதற்கு அமெரிக்க உரிமைப் பத்திரம் பெற்றார், பொருளீட்டவோ முயன்றாரிலர். பிற்காலத்தில் செடிகொடிகளின் உணர்ச்சியை ஆராய்ந்து, 1917-ல் தம் பெயரால் ஆராய்ச்சிக் கழகம் நிறுவினார்; 1937-ம் ஆண்டு நவம்பர் 23-ம் நாள் மறைந்தார்.

டிரான்சிஸ்டர் 1947-லும், தைரிஸ்டர் 1957-லும் தோன்றின. ஜகதீசர் அவற்றைச் செய்தாரென்று நாம் கூறோம். படிகத்தின் வழியே மின்சாரத்தை ஆராய்ந்து கருவி சமைக்கும் நெறியில் அவர் முற்படச் சென்றார் என்பதே உண்மை. தாய்மொழிக் கல்வி விஞ்ஞானத்திற்குத் தடையன்று, தன்மானம் ஆராய்ச்சிக்குப் பகையன்று என்னும் இரண்டையும் அவர் வாழ்க்கை மாணாக்கராகிய நமக்கு உணர்த்துகின்றது.