ஓமந்தூராரும் மதுவிலக்கும்

மரக்காணம் உப்பளங்களுக்கு மேற்கே, திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895-ல் குடியானவர் குடும்பத்தில் பிறந்தவர் ஸ்ரீ ராமஸாமி ரெட்டியார். காந்தி மகானின் வழியில் தேச சேவையில் இறங்கிய அவர், 1947 மார்ச்சில் சென்னை மாகாணப் பிரதம மந்திரியானார். ஆலயப் பிரவேசச் சட்டம், தேவதாஸி முறை ஒழிப்பு, ஜமீன் ஒழிப்பு ஆகிய மூன்றும் அவர் காலத்தில் நிறைவேறியவை. எனினும் அவர் செய்தவற்றுள் மிகக் கடினமானது பூரண மதுவிலக்கே.

அந்நிய ஆட்சியில் உப்புக் காய்ச்சுவதும் குற்றம். சாராயம் காய்ச்சுவதும் குற்றம். 1886-ம் வருஷத்து அப்காரிச் சட்டம் வீட்டில் காய்ச்சுவதைத் தடுத்தது, குடியின் கேடு கருதியன்று. கஜானாவின் நஷ்டம் கருதியே. ஏலம் எடுத்தவன் கடையில் அதே சாராயம் தாராளமாக ஓடிற்று. 1931-ல் காந்தி - இர்வின் ஒப்பந்தம் கடலோரக் கிராமத்தார் சொந்த உபயோகத்துக்கு உப்பு எடுக்க இடங்கொடுத்தது. 1947-ல் உப்பு வரியும் ஒழிந்தது. ஆனால் சாராயப் பானைக்கு விடுதலை கிடைக்கவில்லை. கிடைக்காதது நியாயமே. உப்பின்றி உணவில்லை, குடியோ குடும்பத்தின் உணவையே பறிப்பது.

1937-ல் ராஜாஜி மந்திரிசபை இயற்றிய மதுவிலக்குச் சட்டம், தன் வீட்டுக்கென்று காய்ச்சினாலும் குற்றம் என்றது. காய்ச்சும் கருவியை வைத்திருப்பதும் குற்றமாயிற்று. முதலில் சேலம் ஜில்லாவில் அமுலான அச்சட்டத்தை, 1948 அக்டோபர் 2-ம் தேதி மாகாணம் முழுவதற்கும் விஸ்தரித்தவர் ஓமந்தூரார். ஏழையின் பானையைத் தடுத்த சர்க்கார் தன் வருமானத்தையும் துறந்தது. அத்துறவே சட்டத்துக்குத் தார்மிக பலம் தந்தது. கள்ளச் சாராயம் அப்பொழுதும் ஒழியவில்லை என்பது மெய்யே. அது அமுலின் குறை, நோக்கத்தின் குறையன்று.

கட்சிக்காரர்களின் சிபாரிசுக்கு இணங்காத ஓமந்தூரார், 1949 ஏப்ரலில் பதவி துறந்தார். வடலூரில் வள்ளலார் நெறியில் தொண்டு புரிந்து 1970-ல் காலமானார். மறு வருஷமே மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 2003 முதல் சில்லறை மது விற்பனையை சர்க்காரே நடத்துகிறது.

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் பல உயிர்களைக் குடித்தது. 2024-ல் கள்ளக்குறிச்சியில் நேர்ந்தது அதனினும் பெரிய துயரம். அதன்பின் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. வீட்டில் காய்ச்சுவது இன்றும் குற்றமே; அப்படியே இருக்கட்டும். ஆனால் தடுக்கும் கையே விற்கும் கையாகவும் இருந்தால், 1886-ம் வருஷத்துச் சட்டத்துக்கும் இன்றைய சட்டத்துக்கும் வேற்றுமை என்ன? அவ்வேற்றுமையைத் தம் ஆட்சியிலே செய்து காட்டியவர் ஓமந்தூரார். அவரைப் போற்றுவோர் இதனைச் சிந்திப்பார்களாக.