பொய்யான அன்பிலிருந்து மீண்ட அருணகிரிநாதர்

முருகா சரணம்!

தைப்பூசம் நெருங்கினா எங்க செம்பட்டி ரோடு முழுக்க பாதயாத்திரைக் கூட்டம்தான். மதுரைப் பக்கமிருந்து பழனிக்கு நடக்கிறவங்க எங்க ஊர் வழியா வருவாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி நானும் அவங்களோட நடந்தேன். வேலை போன மாசமே, மூணு வருஷம் பழகின பொண்ணு என் போனை எடுக்கிறதை நிறுத்திட்டா. அவளுக்குச் செலவு பண்ண அக்கா வளையலைக்கூட அடகு வெச்சிருந்தேன். வழியில ஒரு அன்னதானப் பந்தல்ல திருப்புகழ் ஓடிட்டிருந்தது. அதைப் பாடினவர் வாழ்க்கை அப்பதான் எனக்கு உறைச்சது.

அருணகிரிநாதர் 15-ம் நூற்றாண்டில் திருவண்ணாமலையில் வாழ்ந்தவர். செவிவழிக் கதை இப்படிச் சொல்லுது: அப்பா அம்மா இல்லாத அவரை அக்காதான் வளர்த்தாங்க. இளம் வயசுல பொருட்பெண்டிர் மயக்கத்துல விழுந்தார். காசு இருந்த வரைக்கும் அங்கே வரவேற்பு இருந்தது. வீட்டுச் சொத்து, அக்காவோட சேமிப்பு எல்லாம் கரைஞ்சு, உடம்புல நோயும் வந்ததும் கதவு சாத்திடுச்சு. கடைசியில அக்கா மனசு நொந்து சொன்ன ஒரு வார்த்தை அவரைச் சுட்டது. வெட்கம் தாங்காம கோபுரத்திலிருந்து குதிச்சார். முருகன் கையில் ஏந்திக் காப்பாற்றி, மௌனத்தை உபதேசித்து, பாட முதல் சொல்லும் எடுத்துக் கொடுத்தார்.

அவர் 16,000 பாடல்கள் பாடியதாகச் சொல்வாங்க. இன்னைக்கு நமக்குக் கிடைச்சிருப்பது சுமார் 1,300. அதில் பழனிக்கு மட்டும் 90-க்கும் மேல. கந்தர் அலங்காரம், கந்தர் அனுபூதி எல்லாம் அவர் தந்ததுதான்.

நான் கவனிச்சது ஒண்ணு. அவர் பாட்டுல அந்த மயக்கத்தை மறைக்கவே இல்லை. ஏமாந்தேன்னு ஊரைத் திட்டிட்டு உட்காரவும் இல்லை. தன் தப்பைத் தானே முருகன்கிட்ட ஒப்புக்கிட்டார். விடுதலை அங்கேதான் தொடங்குது. என் காதல்லயும் பொய் அவ பக்கம் மட்டும் இல்லை. காசு கொடுத்தா அன்பு நிலைக்கும்னு நம்பினது நான். உண்மையான அன்பு வீட்லயே இருந்தது, அதைத்தான் அடகு வெச்சிருந்தேன்.

நண்பர்களே, கோபுரக் கதையை யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. குதிச்சதால அவர் பெரியவர் ஆகலை, பிழைச்சு வந்து பாடினதால ஆனார். மனசு உடைஞ்சிருந்தா இன்னைக்கே யார்கிட்டயாவது பேசுங்க. முருகன் கை சில நேரம் அக்காவா, நண்பனா, டாக்டரா வரும். எனக்கு அக்காவா வந்தது. பழனி மலை ஏறி இறங்கினதும் முதல் போன் அவங்களுக்குத்தான் பண்ணேன். அழுதேன். சாப்பிட்டியாடான்னு மட்டும் கேட்டாங்க.

புது வேலை கிடைச்சு ஆறாவது மாசம் வளையலை மீட்டுக் கொடுத்துட்டேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!