துறைமுகத்தில் வேலை பார்த்த கோஷி

தூத்துக்குடியில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் அலைத்தடுப்புச் சுவர்களை நாம் அறிவோம். இன்று இத்தகைய சுவரையோ, மீனவ ஊர்களின் தூண்டில் வளைவையோ கட்டுமுன், அலை எப்படி மோதும், மணல் எங்கே சேரும் என்று கணினியில் ஓட்டிப் பார்க்கிறார்கள். இந்தியத் துறைமுகங்களுக்கான இவ்வேலை புனேயிலுள்ள மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையத்தில் நடக்கிறது. வண்டல் சேர்ந்து கடல் விலகிப்போன கொற்கையின் மக்களாகிய நமக்கு இதன் அருமை தெரியும். இக்கணக்குகளுக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர் ஆழ்ந்த விசுவாசமுள்ள கத்தோலிக்கர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அகுஸ்தின் லூயி கோஷி 1789 ஆகஸ்ட் 21-ஆம் நாள் பாரீசில் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சி வெடித்த ஆண்டு அது. குடும்பம் ஊரைவிட்டு ஓடி, பசியும் பட்டது. பொறியியல் படித்து முடித்த அவர், 1810-இல் நெப்போலியன் கட்டிய ஷெர்பூர் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பெட்டியில் கணித நூல்களோடு ‘கிறிஸ்துநாதர் அநுசாரமும்’ இருந்தது. அவரது பக்தியை உடன் இருந்தோர் கேலி செய்தார்களாம். துறைமுகத்தில் நிற்பவருக்கு அலையைப் பற்றி எண்ணாதிருக்க முடியுமா? அலைகள் பற்றிய அவரது ஆய்வு 1816-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்றது.

1822-இல் பெரிய காரியம் ஒன்றைச் செய்தார். ஒரு பொருளுக்குள் எந்த இடத்தில் எத்திசையில் வெட்டுவதாகக் கற்பனை செய்தாலும், அந்த வெட்டுமுகத்தில் ஒரு விசை இருக்கும். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்களில் அதை அறிந்தால், மற்ற எத்திசைக்கும் கணக்கிட்டுவிடலாம் என்று காட்டினார். நீரானாலும் காங்கிரீட்டானாலும் இது பொருந்தும். இன்றைய கணினி, கப்பல் அணையும் மேடையை ஆயிரமாயிரம் சிறு துண்டுகளாகப் பிரித்து, துண்டு துண்டாகப் போடுவது இந்தக் கணக்கைத்தான்.

1830-இல் ஆட்சி மாறியது. பழைய அரசருக்குத் தந்த வாக்கை மீறிப் புதியவருக்கு உறுதிமொழி எடுக்க கோஷி மறுத்து, பேராசிரியர் பதவிகளை இழந்து, நாட்டைவிட்டே வெளியேறினார். அந்த அரசர் அதற்குத் தகுதியானவரா என்பது வேறு விசயம். 1838-இல் திரும்பி வந்தும் வேலை இல்லை. 1848-இல் உறுதிமொழி நீக்கப்பட்ட பின்னரே மீண்டும் பேராசிரியரானார்.

அவரிடம் குறையும் இருந்தது. நார்வே நாட்டு இளைஞர் ஏபெல் 1826-இல் அளித்த அரிய கட்டுரை பரிசீலனைக்காக அவரிடம் வந்தது. அவர் அதைக் கவனியாமல் போட்டுவிட்டார். ஏபெல் 1829-இல், 26 வயதில் வறுமையிலும் காசநோயிலும் இறந்தார். கட்டுரை அச்சானது 1841-இல்தான்.

நம் பங்குகளிலும் பணியாற்றும் வின்சென்ட் தே பவுல் சபையில் கோஷி ஈடுபாட்டோடு உழைத்தார். பிற்காலத்தில் தமது சம்பளத்தை சோ என்னும் ஊரின் ஏழைகளுக்குக் கொடுத்துவந்தார். அவ்வூரிலேயே 1857 மே 23-ஆம் நாள் இறந்தார்.