நடப்பவருக்கு வழி வாங்கித் தந்த மந்திரி

இங்கிலாந்தில் ரோட்டோரங்களில் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட கம்பங்கள் நிற்கின்றன. உச்சியில் ஆரஞ்சு நிற உருண்டை இருக்கும். அந்த இடத்தில் ஒருவர் ரோட்டைக் கடந்தால், மோட்டார்கள் நின்று வழிவிட வேண்டும்.

அதன் பெயர், பெலிஷா விளக்கு. அது ஒரு மந்திரியின் பெயர்!

தந்தையை இழந்தவர்

லெஸ்லி பெலிஷா 1893-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். தாயார் 1912-ம் ஆண்டு ஹோர் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். அதன்பின் மகன், ஹோர் பெலிஷா ஆனார்.

ஆக்ஸ்போர்டில் படித்தார். முதல் உலகப் போரில் பணியாற்றினார். 1923-ல் பார்லிமெண்டு உறுப்பினர் ஆனார். 1934-ல் போக்குவரத்து மந்திரி பதவி கிடைத்தது.

மயிரிழையில் தப்பினார்

பதவி ஏற்ற சில நாட்களில், லண்டனில் ஒரு ரோட்டை அவர் நடந்து கடந்தார். ஒரு கார் பாய்ந்து வந்தது. மந்திரி மயிரிழையில் உயிர் தப்பினார்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அந்த ஒரே ஆண்டில் பிரிட்டனில் ரோடு விபத்துகளில் 7,343 பேர் மாண்டனர்.

மந்திரி வேகமாக வேலை செய்தார். ரோட்டைக் கடக்கும் இடங்களில் ஆரஞ்சு உருண்டைக் கம்பங்களை நட்டார். கண்ணாடி உருண்டைகளைச் சிலர் கல்லால் அடித்து உடைத்தனர். பத்திரிகைகள் கேலி செய்தன. அவர் பின்வாங்கவில்லை.

1935-ல் ஊருக்குள் மோட்டார்கள் மணிக்கு 30 மைலுக்கு மேல் போகக்கூடாது என்ற விதி அமலுக்கு வந்தது. புதிதாக மோட்டார் ஓட்டுகிறவர்களுக்குப் பரீட்சையும் கட்டாயம் ஆயிற்று. அந்த ஆண்டு சாவு 6,502 ஆகக் குறைந்தது.

சைக்கிளுக்குத் தனிப் பாதை

1934 டிசம்பரில் லண்டனுக்கு மேற்கே, வெஸ்டர்ன் அவென்யூ என்ற ரோட்டில் சைக்கிள் பாதையைத் திறந்துவைத்தார். ரோட்டின் இருபுறமும் 8½ அடி அகலம்; 2½ மைல் நீளம். பிரிட்டனில் இத்தகைய பாதை அதுவே முதல்.

ஆனால் சைக்கிள் சங்கத்தினர் மகிழவில்லை. பாதையைக் காட்டித் தங்களைப் பெரிய ரோடுகளிலிருந்தே விரட்டிவிடுவார்களோ என்று பயந்தார்கள். ரோடு எல்லோருக்கும் சொந்தம் என்பது அவர்கள் வாதம்.

நிலைத்த பெயர்

1937-ல் யுத்த மந்திரியானார். தளபதிகளுடன் பிணக்கு ஏற்பட்டு, 1940-ல் அந்தப் பதவியை இழந்தார். 1957-ம் ஆண்டு பிரான்சில் ரீம்ஸ் நகருக்குச் சென்றிருந்தபோது காலமானார்.

அவர் தொடங்கிய வேலை நிற்கவில்லை. 1971-ல் அந்தக் கம்பங்களின் இருபக்கமும் வளைந்து வளைந்து செல்லும் கோடுகள் போடப்பட்டன. அங்கே வண்டி நிறுத்தினால், கடக்க வருகிற குழந்தையை அது மறைத்துவிடும். ஆகவே கோட்டின் மேல் நிறுத்தக்கூடாது. முழு வெள்ளைக் கோடு போட்ட சைக்கிள் பாதையிலும், அதற்குரிய நேரத்தில் மோட்டாரை நிறுத்தக்கூடாது.

சக்கர நாற்காலியில் செல்பவர்கள் இறங்கி ஏற, நடைபாதை ஓரத்தைச் சில இடங்களில் தாழ்த்திக் கட்டியிருப்பார்கள். ஒரு கார் அங்கே நின்றால் அவர்கள் வழி அடைபட்டுப் போகும். அப்படி நிறுத்துவோருக்கு அபராதம் போட, இங்கிலாந்திலும் வேல்சிலும் 2004-ம் ஆண்டுச் சட்டம் வகை செய்தது.

கேலிக்கு ஆளான விளக்கு மட்டும் இன்றும் அவர் பெயரோடு மினுக்கிக்கொண்டு இருக்கிறது.