குளிர்ந்த வெளிச்சமும் ஒலெக் லோசெவும்

டிம்மர் வச்ச டேபிள் லேம்ப்ல ஒரு சாதாரண எல்இடி பல்பை மாட்டி, திருகைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுப் பாருங்க. பாதி தூரம் வரைக்கும் பெருசா ஒண்ணும் ஆகாது. அப்புறம் துடிக்க ஆரம்பிக்கும். அப்புறம் பொசுக்குனு அணைஞ்சுடும். பழைய குண்டு பல்பு ஒருநாளும் இப்படி அடம்பிடிச்சதில்லை. இந்த அடத்துக்குப் பின்னாடி இருக்கிற குணத்தை, குறையா பார்க்காம ஒரு வசதியா முதல்ல பார்த்தவர் ஒலெக் லோசெவ். ரஷ்யாவில் ரேடியோ வரலாறு தெரிஞ்சவங்களுக்கு அவர் பெரிய பெயர். நம்ம செமிகண்டக்டர் பாடத்தில்தான் ஆளைக் காணோம்.

1903-ல் த்வேர் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா ஜார் படையில் அதிகாரியா இருந்து ஓய்வு பெற்று, ரயில் பெட்டித் தொழிற்சாலையில் குமாஸ்தா வேலை பார்த்தவர். பையனுக்கு சின்ன வயசிலேயே வயர்லெஸ் கிறுக்கு. காலேஜ் படிப்பு அமையலை. நிஷ்னி நோவ்கோரத் ரேடியோ ஆய்வகத்தில் டெக்னீஷியனா சேர்ந்தார். நாலு வருஷம் லேப் ரெக்கார்டு எழுதி, அரியர் கட்டி, பட்டத்தை வாங்கினாத்தான் இன்ஜினியர்னு நாம நம்பிக்கிட்டு இருக்கோம். இந்த மனுஷன் செஞ்சது எல்லாமே அந்த டெக்னீஷியன் நாற்காலியில் உட்கார்ந்துதான்.

அப்போ ரேடியோன்னா ஒண்ணு வால்வு செட், இல்லேன்னா கிரிஸ்டல் செட். வால்வு விலை அதிகம், அதோட இழையைச் சூடாக்கவே பேட்டரி காலியாகிடும். கிரிஸ்டல் செட்டில் ஒரு கல், அதைத் தொட்டுக்கிட்டு ஒரு மெல்லிய கம்பி, அவ்வளவுதான். சிக்னலைப் பிடிக்கும், ஆனா பெருக்காது. 1922-ல், 18 வயசில், லோசெவ் துத்தநாக ஆக்சைடு கல்லான சின்கைட்டை எடுத்து, அதுக்கு சில வோல்ட் மின்னழுத்தம் கொடுத்துப் பார்த்தார். கல்லே அலைவுகளை உண்டாக்கிச்சு, சிக்னலைப் பெருக்கிச்சு. வோல்டேஜ் ஏற ஏற கரண்ட் குறையும் நெகட்டிவ் ரெசிஸ்டன்ஸ் பகுதி ஒண்ணு அந்தக் கல்லில் இருந்ததுதான் விஷயம். டிரான்சிஸ்டர் வந்தது 1947-ல். அதுக்கு 25 வருஷம் முன்னாடி, வால்வே இல்லாம இதைச் செஞ்சார்னா யோசிச்சுப் பாருங்க! கிரிஸ்டடின்ங்கிற பேரில் இந்த ரேடியோ அமெரிக்கப் பத்திரிகை வரைக்கும் போச்சு.

கல்லையும் கம்பியையும் வச்சு நோண்டிக்கிட்டே இருக்கும்போதுதான் இன்னொண்ணு கண்ணில் பட்டது. சாணைக்கல்லுக்குப் பயன்படுத்துவாங்களே கார்போரண்டம், அதாவது சிலிக்கான் கார்பைடு, அதில் கம்பி தொடும் இடத்தில் கரண்ட் போனா ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி. நியாயமா சொல்லணும்னா, அதை முதல்ல பார்த்தது இவர் இல்லை. இங்கிலாந்துக்காரர் ஹென்றி ரவுண்ட் 1907-லேயே பார்த்து, ஒரு குட்டிக் குறிப்பு எழுதிட்டு விட்டுட்டார். லோசெவ் விடலை. பிடிச்சுக்கிட்டார்.

முதல் கேள்வி, சூட்டினால் வர்ற வெளிச்சமா இது? கம்பி பழுத்துப்போய் எரியுதா? அதுக்கு அவர் வச்ச சோதனை எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒளிரும் இடத்தில் ஒரு சொட்டு பென்சீன் விட்டார். சூடா இருந்தா அது சட்டுனு ஆவியாகிடணும். ஆகலை, மெதுவாத்தான் போச்சு. அப்படின்னா இது நெருப்பு இல்லை, குளிர்ந்த வெளிச்சம். கரண்ட் எந்தப் பக்கமா பாயுதுங்கிறதைப் பொறுத்து ரெண்டு விதமான ஒளிர்வு இருக்குன்னும் பிரிச்சுக் காட்டினார். ஐன்ஸ்டைன் விளக்கின ஒளிமின் விளைவைத் தலைகீழா திருப்பினா இதுதான் வரும்னு அவர் யூகம். 1927-ல் ரஷ்ய மொழியில் கட்டுரை வந்தது. 1928-ல் ஆங்கிலத்திலேயே, பிலசாபிகல் மேகசின் இதழில் வந்தது. அதனால மொழி புரியலைன்னு உலகம் சாக்கு சொல்ல முடியாது.

சூடு இல்லேன்னா என்ன லாபம்? இதைத்தான் லோசெவ் சரியாப் பிடிச்சார். சூடாகி ஆற வேண்டியது எதுவும் இல்லாததால், கரண்டை நிறுத்தின கணமே வெளிச்சம் நிக்கும், கொடுத்த கணமே வரும். ஒளி ரிலேன்னு பேர் வச்சு 1927-லேயே பேட்டன்டுக்கு விண்ணப்பிச்சார். வேகமான தந்திக்கும் தொலைபேசிக்கும் வெளிச்சத்தைப் பயன்படுத்தலாம்ங்கிறது அவர் திட்டம். ரூம் விளக்கு பத்தி அவர் நினைக்கவே இல்லை. அந்தக் கல்லில் வந்த மங்கல் வெளிச்சத்தை வச்சுப் புத்தகம்கூடப் படிக்க முடியாது.

இப்போ அந்த டேபிள் லேம்புக்கு வாங்க. வீட்டு டிம்மர் உள்ளே இருக்கிறது ட்ரையாக். கரண்டை அது குறைக்கிறது இல்லை. ஒவ்வொரு அரை அலையிலும் ஆரம்பப் பகுதியை வெட்டிட்டு மிச்சத்தை மட்டும் விடும், செகண்டுக்கு 100 தடவை. குண்டு பல்பில் இழை சூட்டைத் தேக்கி வச்சிருக்கிறதால இந்த வெட்டு கண்ணுக்குத் தெரியாது. எல்இடிக்கு அந்த ஞாபகசக்தி கிடையாது. லோசெவ் பார்த்த மாதிரியே, வெட்டினா உடனே அணையும். உள்ளே இருக்கிற டிரைவர் சர்க்யூட்டோ வெளிச்சத்தை ஒரே அளவில் வச்சிருக்கப் போராடும். அதான் முதல்ல ஒண்ணும் ஆகலை. முடியாதப்போ துடிக்குது. இன்னொரு சிக்கலும் இருக்கு. 60 வாட் குண்டு பல்பு கால் ஆம்பியர் இழுக்கும். 9 வாட் எல்இடி இழுக்கிறது 40 மில்லி ஆம்பியர் பக்கம்தான், அது ட்ரையாக்கைத் திறந்தே வச்சிருக்கப் போதாது.

டிம்மபிள்னு அட்டையில் போட்ட பல்பில் டிரைவர் வேற மாதிரி. எவ்வளவு வெட்டியிருக்குன்னு அளந்து, அதுக்கேத்த மாதிரி எல்இடிக்குப் போற கரண்டைக் குறைக்கும். சிலதில் செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை அணைச்சு ஏத்தும். அவ்வளவு வேகத்துக்கு ஈடு கொடுக்கிறது அந்தக் குளிர்ந்த வெளிச்சம் மட்டும்தான். மிச்சமும் நிஜமானது: குண்டு பல்பை மங்கலாக்கினா வெளிச்சம் பாதாளத்துக்குப் போகும், கரண்டு செலவு அந்த அளவுக்குக் குறையாது. எல்இடியில் ரெண்டும் ஏறக்குறைய சேர்ந்தே இறங்கும். என்ன, குண்டு பல்பு மங்கும்போது வர்ற அந்த மஞ்சள் சிவப்பு மட்டும் கிடைக்காது.

லோசெவ் கதை இதுக்கப்புறம் சுருக்கம். 1928-ல் ஆய்வகம் லெனின்கிராடுக்கு மாறினப்போ கூடவே போனார். 1938-ல், தீசிஸ் எதுவும் வாதாடாமலேயே, செஞ்ச வேலைக்காக முனைவருக்கு இணையான பட்டம் கொடுத்தாங்க. மெடிக்கல் காலேஜில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்துக்கிட்டு இருந்தார். 1941 செப்டம்பரில் ஜெர்மன் படை லெனின்கிராடை வளைச்சது. ஊருக்குள் ரொட்டி வர்றது நின்னுச்சு. 1942 ஜனவரி 22 அன்னிக்குப் பசியால் இறந்தார். வயசு 38.

20 வருஷம் கழிச்சு, 1962-ல், ஜெனரல் எலக்ட்ரிக்கில் நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குத் தெரியற சிவப்பு எல்இடியைச் செஞ்சார். 1980-கள் முடியற நேரத்தில் கடைக்கு வந்த முதல் நீல எல்இடிகள் அதே சிலிக்கான் கார்பைடில் செஞ்சவை. வெளிச்சம் அப்பவும் மங்கல்தான். அடுத்த சில வருஷத்தில் காலியம் நைட்ரைடு வந்து அதை ஓரங்கட்டிடுச்சு. ஆனா அந்த நைட்ரைடை வளர்க்க ஒரு அடித்தட்டு வேணுமே, அதுக்குக் கார்போரண்டத்தையே பல வருஷம் பயன்படுத்தினாங்க.