வக்ஃபுக்காக வாதாடிய நீதிபதி

நீதிபதி ஸையித் அமீர் அலீ என்றதும், 1891-இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட இஸ்லாத்தின் ஆன்மா பற்றிய நூலே நம்மில் பலருக்கு நினைவு வரும். அந்நூலின் கருத்துகள் சிலவற்றை உலமாக்கள் ஏற்பதில்லை. அது தனி விஷயம். நாம் இங்கே சொல்ல வருவது வேறொன்று. ஒரு முஸ்லிம் தன் வீட்டையோ வயலையோ அல்லாஹ்வுக்கென்று எழுதி வைத்தால், அந்த எழுத்து அரசாங்கச் சட்டத்தின் முன் நிற்குமா, நிற்காதா? இந்தக் கேள்வியோடு அவர் வாழ்நாளில் பாதிக்கு மேல் போராடினார். அந்த வரலாறு நம் வீடுகளில் அதிகம் பேசப்படவில்லை.

1849-ஆம் ஆண்டு ஒரிஸ்ஸாவின் கட்டாக் நகரில், ஷீஆப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தார். குடும்பம் பின்னர் வங்காளத்தில் ஹூக்ளி நதிக்கரையிலுள்ள சின்சுராவில் குடியேறிற்று. அவர் படித்தது ஹூக்ளிக் கல்லூரியில். அந்தக் கல்லூரியே ஒரு வக்ஃபின் பணத்தில் எழுந்ததுதான்.

ஹாஜி முஹம்மது முஹ்ஸின் என்பவர் மணம் செய்து கொள்ளாதவர். சகோதரியின் பெருஞ்சொத்து அவருக்கு வந்து சேர்ந்தது. 1806-இல் அதனை வக்ஃபாக எழுதி, வருமானத்தை 9 பங்காக வகுத்தார். மார்க்கக் காரியங்களுக்கு 3 பங்கு, உதவித் தொகைகளுக்கும் தருமங்களுக்கும் 4 பங்கு, முத்தவல்லிகள் இருவருக்கும் 2 பங்கு. 1812-இல் அவர் காலமானார். முத்தவல்லிகள் அமானிதத்தைப் பேணவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி அரசாங்கம் தான் போட்ட 1810-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி வக்ஃபைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. சேர்ந்த பணத்தில் 1836-இல் கல்லூரி கட்டப்பட்டது. அதன் வாசல் எல்லாச் சமூகத்தாருக்கும் திறந்திருந்தது. அதில் குறை காண மாட்டோம். ஆனால் அங்கே படித்த முஸ்லிம் பிள்ளைகள் மிகச் சொற்பம். 1873-இல்தான் முஹ்ஸின் பணம் முஸ்லிம் மாணவரின் கல்விக்கெனத் திருப்பி விடப்பட்டது. இத்தனைக்கும் நடுவில் அந்தக் கல்லூரியில் படித்துத் தேறிய முஸ்லிம் பிள்ளைகளுள் ஒருவர் அமீர் அலீ. பிற்காலத்தில், 1876 முதல் 1904 வரை, ஹூக்ளி இமாம்பாரா நிர்வாகக் குழுவின் தலைவராகவும் அவரே இருந்தார்.

அந்த வங்காளத்தில் தருமத்தின் வேரை அறுத்தது திருட்டு முத்தவல்லிகள் மட்டுமல்ல, நிலவரியும்தான். நவாபுகளின் காலத்தில் பள்ளிவாசல்களுக்கும் மக்தபுகளுக்கும் ஆலிம்களின் குடும்பங்களுக்கும் வரியில்லா நிலங்கள் விடப்பட்டிருந்தன. நம் பக்கத்தில் இனாம், மானியம் என்போமே, அந்த வகை. கம்பெனியார் 1828-இல் ஒரு சட்டம் இயற்றித் தனி விசாரணை மன்றங்கள் வைத்தனர். பட்டயத்தைக் காட்டு, காட்ட இயலாவிட்டால் வரி கட்டு என்பதே விசாரணையின் சாரம். தலைமுறை தலைமுறையாக ஓலையும் காகிதமும் கறையானுக்கும் வெள்ளத்துக்கும் போய்விட்ட நாட்டில் எத்தனை பேரிடம் பட்டயம் இருக்கும்? சுமார் 18 ஆண்டுகள் இந்த விசாரணைகள் நடந்தன. வில்லியம் ஹண்டர் என்ற ஆங்கில அதிகாரி 1871-இல் எழுதிய நூலில் தரும் கணக்குப்படி, இதற்காக அரசாங்கம் செலவிட்டது 8 லட்சம் பவுன். ஆண்டுதோறும் அதற்குக் கிடைத்த கூடுதல் வரி 3 லட்சம் பவுன். அந்த நிலங்களின் விளைச்சலில் நடந்த மக்தபுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தருமம் செய்யாதே என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வரி வந்தது, தருமம் நின்றது. அமீர் அலீ 1877-இல் கல்கத்தாவில் தொடங்கிய முஹம்மதிய சங்கம் 1882-இல் வைஸ்ராய் ரிப்பன் பிரபுவுக்குக் கொடுத்த விண்ணப்பம் இந்தக் குறையையும் முஹ்ஸின் வக்ஃபு பற்றிய குறையையும் எடுத்துரைத்தது.

அதற்குள் அவர் லண்டன் சென்று 1873-இல் பாரிஸ்டராகித் திரும்பியிருந்தார். 1884-இல் கல்கத்தாவில் தாகூர் சட்டச் சொற்பொழிவுகளை ஆற்றினார். ஹிபா, வக்ஃபு, வஸிய்யத் ஆகியவையே பொருள். 1890-இல் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியானார். பெரிய வழக்கு அங்கேதான் அவருக்காகக் காத்திருந்தது.

குடும்ப வக்ஃபு என்பது இதுதான். ஒருவர் தம் சொத்தை வக்ஃபாக்கி, அதன் வருமானம் தம் மக்களுக்கும் பேரமக்களுக்கும் சேர வேண்டும், அந்த வமிசம் அற்றுப்போனால் ஏழைகளுக்குச் சேர வேண்டும் என்று எழுதுகிறார். சொத்தை யாரும் விற்க இயலாது. தன் குடும்பத்தாருக்குச் செலவிடுவதும் ஸதகாவே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை மத்ரஸாப் பிள்ளையும் அறியும். ஆகவே நம் ஃபுகஹாக்கள் இத்தகைய வக்ஃபைத் தருமமாகவே எண்ணினார்கள்.

ஆங்கிலேயரின் கணக்கு வேறு. தருமம் எது என்பதற்கு அவர்கள் 1601-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை அடிப்படையாகக் கொண்டிருந்தனர். 1891-இல் அவர்களுடைய பிரபுக்கள் சபை அதனை நான்கு இனமாக வகுத்துச் சொன்னது: ஏழ்மை நீக்கல், கல்வி, மதம், பொதுமக்களுக்கான பிற நன்மை. இந்தத் தீர்ப்பு பிறந்ததே ஒரு வருமான வரி வழக்கில்தான். கிறிஸ்தவ மிஷன் பணிக்கென விடப்பட்ட நிலத்தின் வருமானத்துக்கு வரி உண்டா, இல்லையா என்பது பிரச்சினை. வரி விலக்கு யாருக்கு என்று கேட்டால், பொதுமக்களுக்குப் பயன்படுவோருக்கு என்று சொல்வது இயல்பே. அந்த அளவுகோலில் சொந்தப் பிள்ளைகளுக்குச் சோறிடுவதற்கு இடமில்லை.

இதே நோக்கு இந்திய நீதிமன்றங்களிலும் புகுந்தது. 1892-இல் வந்த வழக்கொன்றில் அமீர் அலீ குடும்ப வக்ஃபு செல்லும் என்று தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு இதே கேள்வி முழு அமர்வின் முன் வந்தபோது மற்ற நீதிபதிகள் மறுபுறம் நின்றார்கள். அமீர் அலீ தனித்து நின்று, ஹதீஸ்களையும் ஃபிக்ஹு நூல்களையும் அடுக்கி, மாறுபட்ட நீண்ட தீர்ப்பை எழுதினார். 1894-இல் லண்டன் பிரிவி கவுன்சில் முடிவு சொன்னது. சகோதரர் இருவர் 1868-இல் எழுதிய வக்ஃபு பற்றிய வழக்கு அது. வமிசமே அற்றபின் ஏழைக்குக் கிடைப்பது வெறும் பெயரளவிலான தருமம் என்று ஹாப்ஹவுஸ் பிரபு கருதினார். வக்ஃபு செல்லாது என்றாயிற்று. அமீர் அலீயின் வாதத்தைப் படித்துப் பார்த்தும் ஏற்கவில்லை.

பிரிவி கவுன்சில் சொன்னால் கல்கத்தாவுக்கு மட்டுமா? சென்னை மாகாணத்துக்கும் அதுவே சட்டம். பாட்டனார் அல்லாஹ்வின் பெயரால் எழுதிய பத்திரத்தைப் பேரனோ கடன்காரனோ நீதிமன்றத்தில் உடைக்க வழி பிறந்தது.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கடன்காரனிடமிருந்து சொத்தை ஒளிக்க வக்ஃபு எழுதியவர்கள் உண்டு. அதைவிடக் கொடுமை, குர்ஆன் பெண்மக்களுக்கு வகுத்த பங்கைக் கொடுக்க மனமின்றி, ஆண்மக்களின் வழிக்கு மட்டும் வக்ஃபு எழுதியவர்களும் உண்டு. வக்ஃபு என்ற பெயரைச் சூட்டிவிட்டால் இது தருமமாகிவிடுமா? பிற்காலத்தில் சிரியா 1949-லும் எகிப்து 1952-லும் குடும்ப வக்ஃபையே ஒழித்தன. ஆனால் சிலர் செய்த மோசடிக்காக, நேர்மையாக எழுதியவரின் வக்ஃபையும் சேர்த்து உடைப்பது நீதியாகாது என்றே நாம் கருதுகிறோம்.

1904-இல் ஓய்வு பெற்ற அமீர் அலீ இங்கிலாந்தில் குடியேறினார். அங்கிருந்தும் எழுத்தை விடவில்லை. இங்கே மௌலானா ஷிப்லி நுஃமானி அவர்கள் உலமாக்களின் கருத்தைத் திரட்டிப் பெரும் இயக்கம் நடத்தினார்கள். முஹம்மது அலீ ஜின்னா 1911-இல் மத்திய சட்டசபையில் மசோதாவைக் கொணர்ந்தார். 1913 மார்ச்சில் அது சட்டமாயிற்று. குடும்பத்துக்கு வக்ஃபு எழுதலாம். முடிவான பயன் ஏழைகளுக்கோ நிலையான மார்க்கக் காரியத்துக்கோ சேர வேண்டும். ஏழைகளின் முறை தாமதமாக வருகிறது என்ற ஒரே காரணத்தால் வக்ஃபு செல்லாமற் போகாது. இருபது ஆண்டுகளுக்கு முன் தனி ஒருவராக நின்று அமீர் அலீ எழுதியது இதைத்தான்.

அதற்கு முன்பே, 1909-இல், அதே பிரிவி கவுன்சிலில் அவர் உறுப்பினராக அமர்ந்துவிட்டார். அந்த இருக்கையைப் பெற்ற முதல் இந்தியர் அவர். 1921-இல் அங்கிருந்து அவர் எழுதிய ஒரு தீர்ப்பு நம் சென்னை மாகாணத்து இந்து மடம் ஒன்றின் நிலம் பற்றியது. மடாதிபதியும் முத்தவல்லியும் ஆங்கிலச் சட்டம் கூறும் டிரஸ்டிகள் அல்லர் என்றார். வக்ஃபுச் சொத்து அல்லாஹ்வுக்குரியது, முத்தவல்லி அதை மேற்பார்ப்பவர் மட்டுமே என்ற நம் ஃபிக்ஹு விதி அங்கே அழுத்தமாகப் பதிவாயிற்று.

வரிச் சட்டமோ தன் வழியிலேயே சென்றது. 1922-ஆம் ஆண்டின் இந்திய வருமான வரிச் சட்டம், முழுக்க முழுக்க மார்க்க, தருமக் காரியங்களுக்கென விடப்பட்ட சொத்தின் வருமானத்துக்கே விலக்களித்தது. குடும்பத்துக்குப் போகும் வக்ஃபு வருமானம் அந்த வேலிக்கு வெளியே நின்றது. வக்ஃபு செல்லும், ஆனால் வரி உண்டு. 1923-இல் வந்த இன்னொரு சட்டம் முத்தவல்லிகள் நீதிமன்றத்தில் கணக்குக் காட்ட வேண்டும் என்றது. முஹ்ஸின் வக்ஃபின் கதையை அறிந்தவர்கள் இதை வரவேற்காமல் இருக்க முடியாது. குடும்ப வக்ஃபுக்கு அந்தக் கணக்குக் கடமையும் இல்லை.

1928 ஆகஸ்ட் 3-ஆம் நாள் இங்கிலாந்தின் ஸஸெக்ஸில் அமீர் அலீ காலமானார். அப்போதும் ஒரு குறை மிச்சமிருந்தது. 1913-க்கு முன் எழுதப்பட்ட பத்திரங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று நீதிமன்றங்கள் கூறி வந்தன. அவற்றுக்கும் அது பொருந்தும் என்ற சட்டம் 1930-இல் வந்தது. 1868-இல் எழுதிய அந்தச் சகோதரர்களின் வக்ஃபு மட்டும் 1894-லேயே தள்ளுபடியாகியிருந்தது.